நரம்பின் வழியே மின்சாரம், நரம்பைக் கடக்க ரசாயனம்

கேள்வி இதுதான்: "என் மகள் பதினோராம் வகுப்பில் விலங்கியல் படிக்கிறாள். நரம்பில் செய்தி மின்சாரமாகப் போகிறது என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தைப் புரட்டினால் அசிட்டைல்கோலைன் என்ற ரசாயனம் கொண்டுபோகிறது என்கிறது. இரண்டில் எது? மின்சாரமே கடைசி வரை போய்விட்டால் என்ன, நடுவில் எதற்கு ஓர் இடைவெளி? டோபமைன் கூடினால் மகிழ்ச்சி, குறைந்தால் சோர்வு என்று வீடியோக்களில் சொல்வதும் இதைத்தானா?"

இரண்டுமே சரிதான். ஒன்று முடிகிற இடத்தில் மற்றது தொடங்குகிறது. இதை அடித்துச் சொல்ல என் தொழிலே எனக்கு இடம் தருகிறது. நான் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். காலையில் குடலிறக்கத்துக்கு வருகிறவருக்கு முதுகில் ஊசி போடுகிறேன். அது நரம்புக்குள் ஓடும் மின்சாரத்தை நிறுத்துகிறது. அவருக்கு அடுத்துப் பித்தப்பை ஆபரேஷனுக்கு வருகிறவருக்கு, மயக்கத்தோடு சேர்த்து, தசையைத் தளர்த்தும் மருந்து கொடுக்கிறேன். அவருடைய நரம்பில் மின்சாரம் வழக்கம்போல ஓடும். நரம்பு முனையிலிருந்து தசைக்குப் போய்ச் சேரவேண்டிய ரசாயனச் செய்தி மட்டும் சேராது. மருந்தும் வேறு, அது வேலை செய்யும் இடமும் வேறு. ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை நிறுத்த முடிகிறது என்றால் அவை இரண்டு தனி வேலைகள் என்றுதானே பொருள்?

முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் வீட்டுச் சுவரில் ஓடும் வயர்தான் நினைவுக்கு வரும். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. வயரில் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறது, நம்மால் அளக்க முடியாத வேகம். நரம்பிலும் அப்படித்தான் என்று 19-ஆம் நூற்றாண்டின் பெரிய உடலியங்கியலாளர்களே நம்பினார்கள். 1850-இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் கால் நரம்பை எடுத்து, தசைக்கு அருகே ஒரு முறை, தள்ளி ஒரு முறை தூண்டி, தசை சுருங்க ஆகும் நேர வித்தியாசத்தை அளந்தார். நொடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர் என்று வந்தது. ரயிலே முந்திவிடும் வேகம். அப்படியானால் உள்ளே ஓடுவது வயர் மின்சாரம் அல்ல.

இந்த வேகத்தை உங்கள் உடம்பிலேயே பார்க்கலாம். கால் கட்டைவிரலை வாசற்படியில் இடித்துக்கொண்டால் முதலில் சுருக்கென்று ஒரு வலி தைக்கும். ஒரு நொடி கழித்துத்தான் அந்தக் காந்தலான, விண்ணென்று தெறிக்கிற இரண்டாவது வலி வந்து சேரும். இடித்தது ஒரு தடவைதான், செய்தி மட்டும் இரண்டு வகை இழைகளில் வருகிறது. மெல்லிய மயலின் உறை போர்த்த இழை முதல் வலியை நொடிக்கு 10 மீட்டருக்கு மேலான வேகத்தில் கொண்டுவருகிறது. உறையே இல்லாத மிகச் சன்னமான இழை நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நடந்து வருகிறது. தசையிலிருந்தும் தசைக்கும் போகும் தடித்த இழைகள் நொடிக்கு 100 மீட்டர் வரை ஓடும்.

இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ஒரு ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். கரைக்கு ஒரு பக்கம் நீர்மட்டம் உயரம், மறுபக்கம் தாழ்வு. மதகைத் திறந்தால் நீர் தானாகப் பாயும், அந்த நேரத்தில் யாரும் தள்ளவேண்டியதில்லை. நரம்பு செல்லின் சவ்வுதான் கரை. வெளியே சோடியம் அயனிகள் (மின்னேற்றம் கொண்ட அணுக்கள்) உள்ளே இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். உள்ளே பொட்டாசியம் வெளியே இருப்பதைப் போல முப்பது மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வைக் கட்டிக்காப்பது சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரத பம்பு. மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழிக்கும். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ 1957-இல் இதை நண்டின் கால் நரம்பில் கண்டார். நோபல் பரிசு 1997-இல்தான் கிடைத்தது. உடல் எடையில் 2 விழுக்காடே இருக்கும் மூளை, ஓய்வில் இருக்கும் உடம்பின் ஆற்றலில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி இந்தப் பம்புக்கே போகிறது.

சவ்வில் பொட்டாசியத்துக்கு மட்டும் எப்போதும் திறந்திருக்கும் சிறு கசிவுகள் உண்டு. நேர் மின்னேற்றம் கொண்ட பொட்டாசியம் அவற்றின் வழியே வெளியே கசியக் கசிய, உள்பக்கம் எதிர் மின்னழுத்தம் தங்குகிறது. ஏறக்குறைய கழித்தல் 70 மில்லிவோல்ட். பாடநூல் இதை ஓய்வுநிலை மின்னழுத்தம் என்கிறது. டார்ச் பேட்டரியில் இருபதில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் அந்தச் சவ்வின் கனம் 5 நானோமீட்டர் அளவுதான். அந்தக் கனத்துக்கு இந்த வோல்ட் என்றால், ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட்டுக்கு மேல். "ஓய்வு" என்ற பெயரைப் பார்த்துச் சும்மா கிடக்கிறது என்று உங்கள் மகள் நினைத்துவிட வேண்டாம். நாணேற்றி வைத்த வில் அது.

இனி மதகுகள். இவை மின்னழுத்தத்தை உணர்ந்து திறக்கும் சோடியம் வாயில்கள். ஒரு இடத்தில் மின்னழுத்தம் கழித்தல் 55 அளவுக்கு ஏறிவிட்டால் வாயில்கள் திறக்கும். சோடியம் உள்ளே பாயும். பாய்ந்ததால் மின்னழுத்தம் இன்னும் ஏறும். ஏறியதால் இன்னும் பல வாயில்கள் திறக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் பல நூறில் ஒரு பங்கு ஆவதற்குள் உள்பக்கம் கூட்டல் 30, 40 மில்லிவோல்ட்டுக்குப் போய்விடும். உடனே அந்த வாயில்கள் தாமாக அடைத்துக்கொள்ளும். பொட்டாசியம் வாயில்கள் திறந்து, பொட்டாசியம் வெளியேறி, பழைய நிலை திரும்பும். எல்லாம் ஒரு மில்லிநொடிக் கணக்கு. செயல்நிலை மின்னழுத்தம் என்பது இந்த ஒரு துடிப்புதான்.

இந்தத் துடிப்பு பக்கத்து இடத்தின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது, அங்கே வாயில்கள் திறக்கின்றன, பிறகு அதற்கடுத்த இடம். சரவெடி வெடிப்பதைப் போல. முதல் வெடியின் தீ கடைசி வரை ஓடுவதில்லை, ஒவ்வொரு வெடியும் தன் மருந்தில் தானே வெடித்து அடுத்ததைப் பற்றவைக்கிறது. அதனால்தான் இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு மீட்டர் போனாலும் துடிப்பின் பலம் ஒரு துளி குறைவதில்லை. வெடித்த இடம் உடனே மறுபடி வெடிக்காது, ஆகவே பின்னோக்கியும் திரும்பாது. சரவெடியோடு ஒரு வித்தியாசம், நரம்பு சில மில்லிநொடியில் மறுபடி மருந்தேற்றித் தயாராகிவிடும்.

துடிப்பில் பெரிது சிறிது கிடையாது. மெதுவாகத் தொட்டாலும் அழுத்திப் பிடித்தாலும் ஒரு இழையில் ஓடும் துடிப்பின் உயரம் ஒன்றுதான். அழுத்தம் கூடினால் துடிப்புகள் அடுத்தடுத்து நெருங்கி வரும். இங்கிலாந்தின் எட்கர் ஏட்ரியன் 1920-களில் தனி இழைகளைப் பதிவுசெய்து இதைக் காட்டினார்.

இவ்வளவையும் கண்டுபிடிக்க உதவியது ஒரு ஊசிக்கணவாய். தப்பியோட நீரைப் பீய்ச்சும் அதன் தசைக்குப் போகும் ஆக்சான், அதாவது நரம்பு செல்லின் நீண்ட இழை, கண்ணுக்குத் தெரியும் அளவு தடி, அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை. 1939-இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி இருவரும் அதற்குள் மின்முனையை நுழைத்து முதல் துடிப்பை உள்ளிருந்து அளந்தார்கள். சில வாரத்தில் உலகப் போர் வந்து வேலை நின்றது. திரும்பிவந்து, 1952-இல், சோடியம் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு, எந்த நொடியில் என்று சமன்பாடுகளாக எழுதினார்கள். கணினி கைக்குக் கிடைக்காததால் ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கு இயந்திரத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்து துடிப்பின் வடிவத்தைக் கணக்கிட்டார். அளந்த வடிவமும் கணக்கில் வந்த வடிவமும் ஒத்துப்போயின. அப்போது அயனி வாயில் என்ற புரதத்தை யாரும் பார்த்ததில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். ஒற்றை வாயில் திறந்து மூடுவதை எர்வின் நேஹரும் பெர்ட் சக்மனும் பதிவுசெய்தது 1976-இல்.

1961-இல் நடந்த இன்னொரு சோதனையை உங்கள் மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கணவாயின் ஆக்சானுக்குள் இருந்த சாற்றைப் பற்பசையைப் பிதுக்குவதுபோல் பிதுக்கி வெளியேற்றிவிட்டு, வெறும் பொட்டாசியம் உப்புக் கரைசலை நிரப்பினார்கள். அப்போதும் துடிப்பு ஓடியது! செய்தி ஓட வேண்டியது ஒரு சவ்வும் அதன் இரு பக்கமும் வேறுபட்ட உப்புநீரும் மட்டுமே.

நான் முதுகில் போடும் புபிவகைன், பல் மருத்துவர் ஈறில் போடும் லிக்னோகைன் எல்லாம் அந்தச் சோடியம் வாயிலுக்குள் நுழைந்து அடைத்துக்கொள்பவை. சரவெடியில் நடுவே சில வெடிகளை நனைத்துவிட்டால் போதும், அதற்கு மேல் போகாது. எல்லா இழையும் ஒரே நேரத்தில் அடங்குவதில்லை. முதலில் கால் சூடாக இருக்கிறது என்பார்கள், பிறகு குத்தினால் வலி தெரியாது, பிறகுதான் காலைத் தூக்க முடியாமல் போகும். சிசேரியன் நடுவில் தாய்மார்கள் என்னிடம், "டாக்டர், இழுக்குற மாதிரி இருக்கு, ஆனா வலிக்கல" என்பார்கள். வலி இழைகள் அடங்கிவிட்டன, தொடுதலும் அழுத்தமும் சொல்லும் தடித்த இழைகள் கொஞ்சம் பேசிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் சொல்வது உண்மை, பயத்தில் சொல்வதில்லை.

இனி இடைவெளி. நரம்பு தசையைத் தொடுவதில்லை. நடுவே 50 நானோமீட்டர் வெளி. ஒரு மில்லிமீட்டரை 20,000 கூறாக்கினால் அதில் ஒரு கூறு. ஒரு நரம்பு செல்லுக்கும் இன்னொன்றுக்கும் இடையே இதைவிடக் குறுகல், 20 நானோமீட்டர் அளவு. இந்தச் சந்திப்புக்கு சினாப்ஸ் என்ற பெயர் 1897-இல் சார்லஸ் ஷெரிங்டன் வழியாக வந்தது.

இங்கே ஏதோ தனியாக நடக்கிறது என்பதற்கான முதல் துப்பு அம்பு நஞ்சிலிருந்து கிடைத்தது. தென் அமெரிக்கக் காட்டுமக்கள் அம்பு முனையில் தடவிய குராரே என்ற செடிச்சாற்றைப் பாரிஸில் கிளாத் பெர்னார் 1850-களில் தவளைக்குக் கொடுத்துப் பார்த்தார். நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையை நேரே தூண்டினால் சுருங்கியது. நரம்பும் நன்றாக இருக்கிறது, தசையும் நன்றாக இருக்கிறது, இரண்டும் சேரும் இடத்தில்தான் அடைப்பு. நான் இன்று கொடுக்கும் வெக்குரோனியமும் அட்ராகூரியமும் இந்தக் குராரேயின் வழிவந்தவை. மயக்க மருந்தோடு குராரேயைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் 1942-இல் கனடாவின் மான்ட்ரியலில் தொடங்கியது.

ஆனால் இடைவெளியைத் தாண்டுவது மின்பொறியா, ரசாயனத் திரவமா என்று ஐம்பது ஆண்டுகள் சண்டை நடந்தது. 1921-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி செய்த சோதனை இதில் பெரிய திருப்பம். சோதனையின் யோசனை கனவில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். முதல் இரவு எழுந்து கிறுக்கியதைக் காலையில் படிக்க முடியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு வர, மூன்று மணிக்கே ஆய்வகத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளை இதயங்கள், இரண்டும் உப்புநீரில் துடிக்கின்றன. ஒன்றோடு வேகஸ் நரம்பு இணைந்திருக்கிறது. அதைத் தூண்டினார், இதயம் மந்தமானது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் மந்தமானது. நீரில் கலந்திருந்த அந்தப் பொருள் அசிட்டைல்கோலைன். லண்டனில் ஹென்றி டேல் இதைத் தொடர்ந்து தசை வரை கொண்டுபோனார், 1936-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

மூளைக்குள்ளும் ரசாயனம்தான் என்பதைக் கடைசிவரை எதிர்த்தவர் ஜான் எக்லஸ். 1951-இல் நியூசிலாந்தின் டனீடனில் அவரே தண்டுவட செல்லுக்குள் கண்ணாடி மின்முனையை நுழைத்தார். கிடைத்த பதிவு தன் கட்சிக்கு எதிராக இருந்தது. அன்றோடு கட்சி மாறி, அதை உலகுக்கு எழுதினார். தோற்ற கருத்தை விட்டுவிட்ட பிறகு அவர் செய்த வேலைக்குத்தான் 1963-இல் நோபல் வந்தது.

துடிப்பு நரம்பு முனைக்கு வந்ததும் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முனைக்குள் ஆயிரக்கணக்கான சிறு பைகள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு பையிலும் 5,000 முதல் 10,000 அசிட்டைல்கோலைன் மூலக்கூறுகள். பெர்னார்ட் காட்ஸ் 1950-களில் லண்டனில் காட்டியது என்னவென்றால், நரம்பு இந்த ரசாயனத்தைக் குழாயைத் திறந்ததுபோல் ஊற்றுவதில்லை, பொட்டலம் பொட்டலமாகத்தான் கொடுக்கிறது. அரைப் பொட்டலம் கிடையாது. துடிப்பே வராதபோதும் எப்போதாவது ஒரு பொட்டலம் தானாக உடைவதை அவர் பதிவில் பார்த்தார், அதிலிருந்துதான் கணக்குப் பிடிபட்டது.

பொட்டலத்தை உடைக்கும் உத்தரவு கால்சியம். செல்லுக்கு வெளியே அது உள்ளே இருப்பதைப் போல 10,000 மடங்கு. துடிப்பு வந்ததும் கால்சியம் வாயில்கள் திறக்கும், உள்ளே பாய்ந்த கால்சியம் பைகளைச் சவ்வோடு ஒட்டவைக்கும், பை வெடித்து உள்ளே இருப்பது இடைவெளியில் கொட்டும். கர்ப்பகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் ஏற்றும்போது செவிலியர் மணிக்கு ஒரு முறை முழங்காலைத் தட்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். மெக்னீசியம் இந்தக் கால்சியத்தின் வழியை மறிக்கும். அளவு மீறினால் முதலில் முழங்கால் உதறல் போகும், அதற்குப் பிறகும் ஏறினால் மூச்சு. அந்தத் தட்டல் சம்பிரதாயம் அல்ல.

கொட்டிய அசிட்டைல்கோலைன் எதிர்க்கரையில் தசைச் சவ்வின் ஏற்பிகளில், அதாவது அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களில், போய் அமரும். தசையில் இருக்கும் ஏற்பியே ஒரு வாயில். அமர்ந்ததும் திறக்கும், சோடியம் பாயும், தசைக்குள் புதிய துடிப்பு பிறக்கும். மின்சாரம் ரசாயனமாகி மறுபடி மின்சாரமாக எழ மொத்தம் அரை மில்லிநொடியும் சற்றும் ஆகும். உடனே இடைவெளியில் காத்திருக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடைத்துப் போடும். கூட்டிப் பெருக்கும் வேலை கொடுக்கும் வேலையைப் போலவே முக்கியம், பெருக்காவிட்டால் அடுத்த செய்திக்கு இடமில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நான் நினைப்பது இனி வருவதுதான். தசையைச் சுருங்கச் சொல்வது அசிட்டைல்கோலைன். லோவியின் தவளை இதயத்தை மந்தமாக்கியதும் அதே அசிட்டைல்கோலைன். ஒரே பொருள் ஓரிடத்தில் "எழு" என்கிறது, இன்னோரிடத்தில் "அடங்கு" என்கிறது. காரணம், இதயத்தில் இருக்கும் ஏற்பி வேறு. அது சோடியத்தைத் திறப்பதில்லை, செல்லுக்குள் ஒரு புரதத்தை எழுப்பி, அதன் வழியாகப் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. செய்தி ரசாயனத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. வாங்கிக்கொள்கிற ஏற்பிதான் பொருளை முடிவுசெய்கிறது. ஆபரேஷன் முடிந்து தளர்ந்த தசையை மீட்க நான் நியோஸ்டிக்மின் கொடுக்கும்போதெல்லாம் இதை எதிர்கொள்கிறேன். அது உடைக்கும் நொதியைத் தடுத்து அசிட்டைல்கோலைனைச் சேரவிடும், சேர்ந்த ரசாயனம் தளர்ப்பு மருந்தோடு போட்டியிட்டு ஏற்பிகளை மீட்கும், தசை எழும். ஆனால் இதயத்திலும் அது சேர்வதால் நாடி விழும். அதனால் தசையின் ஏற்பியை விட்டுவிட்டு இதய ஏற்பியை மறைக்கும் கிளைகோபைரோலேட்டை உடன் கொடுக்காமல் நாங்கள் அந்த ஊசியைப் போடுவதில்லை.

நம் ஊர் வயல்வெளிகளில் இந்த 50 நானோமீட்டர் இடைவெளி உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கிறது. நல்ல பாம்பின் நஞ்சு குராரேயைப் போலத் தசையின் ஏற்பிகளை மூடுகிறது. கட்டுவிரியனின் நஞ்சில் முக்கியமானது இந்தக் கரையில், நரம்பு முனைக்குள் புகுந்து பைகளைத் தீர்த்து முனையையே சிதைக்கிறது. பார்ப்பதற்கு இரண்டு பாம்பிடமும் கடிபட்டவர்கள் ஒன்றுபோலத் தெரிவார்கள்: முதலில் இமை தொங்கும், பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சு தளரும். நியோஸ்டிக்மின் கொடுத்தால் நல்ல பாம்புக் கடியில் இமை ஏறுவதைப் பலமுறை பார்க்கலாம். கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் பயன் இராது, கொடுப்பதற்கே முனையில் சரக்கு இல்லையே. நஞ்சுமுறி மருந்து இரண்டுக்கும் சீக்கிரம் போகவேண்டும். ஆனால் ஏற்கெனவே சிதைந்த முனையை அது ஒட்டவைக்காது. முனை மறுபடி வளரும் வரை, நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ, செயற்கைச் சுவாசம்தான் காப்பாற்றும். அந்த நஞ்சுமுறிக்கான நஞ்சை எடுத்துத் தருவது, 1978-இல் தொடங்கப்பட்டு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி அவ்வளவாக இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி என்று வருவார்கள். நான் இளம் மருத்துவராக இருந்தபோது அப்படி வந்த ஒரு பெண் முழுதாகத் தளர்ந்து, கண்மணி கூட அசையாமல் கிடந்தார். உறவினர்கள் அவர் தலைமாட்டில் நின்று இறுதிச் சடங்கு பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் அவர்களை வெளியே அழைத்துவந்து சொன்னேன்: நஞ்சு மூளைக்குள் போகவில்லை, அவருக்கு எல்லாம் கேட்கிறது. ஒன்பதாம் நாள் ஒரு புருவம் அசைந்தது. குழாயை எடுத்த பிறகு, தலைமாட்டில் யார் என்ன பேசினார்கள் என்பதை அவர் வரிசையாகச் சொன்னார். நரம்பில் மின்சாரம் முழுதாக இருந்தும் தசைக்குச் செய்தி போகாத நிலை என்றால் இதுதான். அதனால்தான் நினைவு முழுதும் அடங்கிய பிறகே நாங்கள் தளர்ப்பு மருந்தைக் கொடுக்கிறோம்.

பூச்சிமருந்து இதற்கு நேர்மாறு. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் உடைக்கும் நொதியை முடக்குகின்றன. அசிட்டைல்கோலைன் எல்லா இடத்திலும் தேங்குகிறது. எச்சில் ஊறும், வியர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகும், தசைகள் துடிதுடித்துப் பின் ஓயும். தோல் வழியாகவும் ஏறும் என்பதால் நனைந்த சட்டையோடு தெளிப்பது ஆபத்து. உடனே சட்டையைக் கழற்றி, சோப்பு போட்டுக் கழுவி, அழைத்துவர வேண்டும்.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்விக்கு வரலாம், மின்சாரமே நேரே போனால் என்ன? போகும் இடங்கள் உண்டு. இதயத் தசை செல்கள் சிறு துளைகளால் இணைந்து துடிப்பை நேரே கைமாற்றுகின்றன, எல்லாம் ஒன்றாகத் துடிக்க வேண்டும் என்பதால் அங்கே அதுதான் சரி. மூளைக்கு அது போதாது. நேரே இணைத்தால் ஒரு துடிப்பு எல்லோரையும் துடிக்கவைக்கும், "வேண்டாம்" என்று சொல்ல வழியே இருக்காது. இடைவெளி இருப்பதால் குளூட்டமேட் என்ற ரசாயனம் தூண்டலாம், காபா என்ற ரசாயனம் அடக்கலாம். ஒரு மூளைச் செல் ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து வரும் இரு வகைச் செய்திகளையும் கூட்டிக் கழித்து, நிகரம் அந்தக் கழித்தல் 55-ஐத் தொட்டால் மட்டும் துடிக்கிறது. ஏற்பிகளைக் கூட்டியும் குறைத்தும் ஒரு சந்திப்பை வலுவாக்கலாம், தளர்த்தலாம். நாம் எதையாவது கற்றுக்கொள்கிறோம் என்றால் அது நடப்பது இந்தச் சந்திப்புகளில்தான்.

அடக்கும் செய்தி எவ்வளவு தேவை என்பதற்கு ரண ஜன்னியை (டெட்டனஸ்) பாருங்கள். அந்த நஞ்சு நரம்பின் வழியே தண்டுவடத்துக்கு ஏறி, அடக்கும் ரசாயனங்களான காபாவும் கிளைசினும் பையிலிருந்து வெளியேற முடியாமல் செய்கிறது. தடுப்பார் இல்லாததால் உடம்பு வில்லாக வளைகிறது. மாறாக, நான் தூங்கவைக்கக் கொடுக்கும் பால் நிறப் புரொபஃபால் காபாவின் ஏற்பியைக் கூடுதலாகத் திறந்து வைக்கிறது, மூளை அடங்குகிறது.

கடைசியாக டோபமைன். மேலே சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்த வீடியோக்களின் பிழை தானே தெரியும். ரத்த அழுத்தம் விழுந்த நோயாளிகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் டோபமைனைச் சொட்டுச் சொட்டாக ஏற்றியிருக்கிறோம். அழுத்தம் ஏறும், நாடி ஏறும். யாரும் மகிழ்ந்ததில்லை. ரத்தத்திலிருந்து அது மூளைக்குள் நுழையாது, இதயத்திலும் ரத்தக் குழாயிலும் இருக்கும் ஏற்பிகளோடு முடிந்துவிடும். மூளைக்குள்ளேயும் அது ஒரே ஒரு வேலையை மட்டும் செய்வதில்லை. நடுமூளையின் கருநிறப் பகுதியில் அது குறைந்தால் வருவது பார்க்கின்சன் நோய், அசைவு தடைபடுகிறது. வாந்தி மையத்தில் அது வாந்தியைத் தூண்டும். வெகுமதியோடு தொடர்புள்ள செல்களிலும் அது "இன்பம்" என்று சொல்வதில்லை. 1990-களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் பதிவுசெய்தபோது, எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் துடித்தன. எதிர்பார்த்தபடி கிடைத்தால் சும்மா இருந்தன. எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் இருந்த துடிப்பும் குறைந்தது. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக் கற்றுக்கொடுக்கும் செய்தி அது. மனச்சோர்வோடு சேர்த்துப் பேசப்படும் செரட்டோனினும் அப்படித்தான். உடம்பின் செரட்டோனினில் 90 விழுக்காடு குடலில் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்ததும் வாந்தியை நிறுத்த நான் போடும் ஆண்டன்செட்ரான், செரட்டோனினின் ஏற்பி ஒன்றைத்தான் அடைக்கிறது. இதைப் படித்துவிட்டு மனச்சோர்வுக்கான மாத்திரையை யாரும் நிறுத்திவிடக் கூடாது. காரணத்தை விளக்கும் கதை எளிமையாக்கப்பட்டது என்பதால் மருந்து பயனற்றது ஆகிவிடாது.

டோபமைன் மூளைக்குள் நுழையாது, ஆனால் அதன் மூலப்பொருளான லெவோடோபா நுழையும். பார்க்கின்சன் மாத்திரை அதுதான். நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையில் அது இயற்கையாகவே இருக்கிறது. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்தார்கள். பொடியாக வாங்கும்போது எவ்வளவு லெவோடோபா உள்ளே போகிறது என்பது கைக்குக் கை மாறும், ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு இரண்டும் சேர்ந்துவிடும். உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், முந்தின நாள் நாங்கள் வந்து என்னென்ன மருந்து என்று கேட்கும்போது பூச்சிமருந்து தெளிக்கும் வேலை, தூக்க மாத்திரை, பூனைக்காலிப் பொடி எல்லாவற்றையும் சொல்லச் சொல்லுங்கள். அவை எல்லாம் நான் மறுநாள் தொடப்போகும் இதே மாதிரிச் சந்திப்புகளில் வேலை செய்கிறவை.